பள்ளிக் கூரையில் வீணாகும் வெயில்: ஜொகூர் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்



அண்மையில் படிநிலை இரண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "புதுப்பிக்கக்கூடிய சக்தி மூலங்கள் யாவை?" என்று கேட்டேன். சூரியன், காற்று, நீர், உயிர்ப்பொருள் என வகுப்பே ஒரே குரலில் ஒப்புவித்தது. மனம் மகிழ்ந்தது. உடனே தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைக் காட்டி, "இதைச் சுழற்றும் மின்சாரம் எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டேன். ஒருவன் சுவிட்சிலிருந்து என்றான். வேறொருவன் தெனாகாவிலிருந்து என்றான். இருவர் அணைக்கட்டிலிருந்து என்றனர். நிலக்கரி என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் விடையைச் சொன்னதும், இறுதி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "ஐயா, நம் ஜொகூரில் நிலக்கரி கிடைக்கிறதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி! அன்று அந்தக் கேள்வியோடு பாட வேளை முடிந்துவிட்டது. ஆனால், எனக்கு அது முடியவில்லை. பாடநூலில் உள்ள நான்கு சொற்களை நம் பிள்ளைகள் மனனம் செய்துவிட்டார்கள். தங்கள் வீட்டு விளக்கு எதனால் எரிகிறது என்பதை மட்டும் அவர்கள் அறியவில்லை. இது பிள்ளைகளின் குறையன்று. கற்பிக்கும் நம்முடைய குறை. அந்தக் குறையைப் போக்கும் வழியைப் பற்றியும், அதைவிடச் சற்றுப் பெரிதான ஒரு வேண்டுகோளைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

நம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

அந்த மாணவிக்கு உரிய விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜொகூரில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. தீபகற்பத்தில் சிலாங்கூரின் பத்து ஆராங்கில் ஒரு காலத்தில் பெரிய சுரங்கம் இயங்கியது. அதுவும் 1960ஆம் ஆண்டு மூடப்பட்டது. சரவாக்கில் நிலக்கரி உண்டு. ஆயினும், தீபகற்பத்தின் மின் நிலையங்களில் எரிக்கப்படும் நிலக்கரி பெரும்பாலும் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்திறங்குவதாகும்.

அப்படி வந்திறங்கும் இடங்களுள் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பின் மின் நிலையம்தான் அது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் தலா 700 மெகாவாட் திறனுடைய மூன்று இயந்திரங்கள் அங்கு இயங்கத் தொடங்கின. 2016இல் 1,000 மெகாவாட் திறனுடைய நான்காம் இயந்திரமும் சேர்ந்தது. ஆக மொத்தம் 3,100 மெகாவாட். நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி மின் நிலையங்களுள் ஒன்று நம் ஊர்க் கடலோரத்தில் நிற்கிறது; நம் பிள்ளைகளுக்கு அதன் பெயர் தெரியவில்லை. பாசிர் கூடாங்கிலோ இயற்கை எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் ஆக்கப்படுகிறது.

தீபகற்ப மலேசியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியோ, அதற்கு மேலுமோ நிலக்கரியால் வருவது. எஞ்சியதில் பெரும்பங்கு எரிவாயுவுக்கு உரியது. நாம் பயன்படுத்தும் ஒவ்வோர் அலகு (யூனிட்) மின்சாரத்துக்கும் ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது.

இதில் சுற்றுச்சூழலைத் தவிர இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. இறக்குமதிப் பொருளை நம்பியிருக்கும் மின்சாரம், பிறநாட்டுச் சந்தையை நம்பியிருக்கும் மின்சாரமாகும். 2022இல் உக்ரேன் போர் மூண்டபோது உலக நிலக்கரி விலை தாறுமாறாக ஏறியது. அச்சுமை நம் வீட்டுக் கட்டணத்தில் முழுமையாக விழாமல் இருக்க அரசாங்கம் பில்லியன் கணக்கான ரிங்கிட்டை உதவித்தொகையாகச் செலவிட்டது. 2025 ஜூலை முதல் தீபகற்பத்தில் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறையில் எரிபொருள் விலையின் ஏற்ற இறக்கம் மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது. மாதம் 600 அலகுக்கு மேற்படாத இல்லங்களுக்கு அது விலக்களிக்கப்பட்டது என்பது ஆறுதல். எங்கோ நடக்கும் போர் நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் எதிரொலிக்கும் என்பதைப் பெற்றோர்கள் உணர வேண்டும்.

பத்து மணிக்கு அணையும் விளக்கு

தோட்டத்தில் வளர்ந்த என் தலைமுறையினருக்கு மின்சாரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மரத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தோட்ட நிர்வாகத்தின் டீசல் ஜெனரேட்டர்தான் மின்சாரம் தந்தது. மாலை ஆறரை மணியளவில் 'தடதட'வெனச் சத்தம் கேட்கும், விளக்கெரியும். இரவு பத்து மணிக்கு ஒருமுறை மங்கி எரிந்து எச்சரிக்கும், பிறகு அணைந்துவிடும். அதன்பிறகு படிக்க வேண்டுமானால் மண்ணெண்ணெய் விளக்குதான். தேர்வுக்காலத்தில் என் அம்மா விளக்குக் கண்ணாடியைச் சாம்பலால் துடைத்து வைப்பார். அந்தப் புகையின் மணம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

எத்தனை மணிக்கு விளக்கெரிய வேண்டும், எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்பதை அன்று வேறொருவர் முடிவு செய்தார். நமக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. இன்று நாள் முழுவதும் மின்சாரம் கிடைக்கிறது. ஆயினும், அது எதிலிருந்து வருகிறது, எவ்விலைக்கு வருகிறது, எதை எரித்து வருகிறது என்பவற்றில் நாம் இன்னமும் கேள்வி கேட்காதவர்களாகவே இருக்கிறோம். சூரிய ஒளி மின்சாரத்தை நான் விரும்புவதற்கு முதற்காரணம் இதுதான். ஒரு சிற்றூர்ப் பள்ளியும், ஓர் எளிய குடும்பமும் தமக்குச் சொந்தமான கூரையில் தாமே ஆக்கிக்கொள்ளக்கூடிய மின்சாரம் அது.

ஜொகூருக்கு எது பொருந்தும்?

எல்லா ஊர்களுக்கும் எல்லா மூலங்களும் பொருந்திவிடா. பாடநூலில் நான்கும் ஒரே வரிசையில் இருப்பதால் நான்கும் நம் ஊரில் சமம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது.

முதலில் காற்று. நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த தமிழ்நாடு, காற்று மின்சாரத்தில் இந்தியாவின் முன்னோடி மாநிலங்களுள் ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சீறிப் பாய்வதால், முப்பந்தல் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆனால், நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில். பெரிய காற்றாலைகள் சுழலத் தொடங்கவே வினாடிக்கு மூன்று அல்லது நான்கு மீட்டர் வேகம் வேண்டும். தீபகற்பத்தின் பெரும்பகுதியில் சராசரி வேகம் அதற்கும் குறைவு. மெர்சிங் கடற்கரையில் வடகிழக்குப் பருவக்காற்றின்போது சற்றுக் கூடுதலாக வீசும். ஆண்டு முழுவதும் நிலைக்காது. எனவே, காற்று நமக்குப் பாடநூலில் மட்டுமே.

அடுத்தது நீர். பேராக்கின் செண்டரோ அணை 1930 முதல் மின்சாரம் தருகிறது. திரங்கானுவின் கென்யிர், சரவாக்கின் பக்குன் ஆகியவை மிகப் பெரியவை. ஜொகூரின் நிலமோ பெரும்பாலும் தாழ்ந்து பரந்தது. பேரணைக்கு ஏற்ற மலையும் பள்ளத்தாக்கும் இங்குக் குறைவு. மேலும், நீர் மின்சாரம் எல்லா வகையிலும் தூயது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாகாது. 2,400 மெகாவாட் பக்குன் அணைக்காகப் பத்தாயிரம் பூர்வகுடி மக்கள் தம் ஊர்களை விட்டுப் பெயர்க்கப்பட்டனர். 'புதுப்பிக்கக்கூடியது' என்பது ஒன்று. 'யாருக்கும் தீங்கில்லாதது' என்பது வேறொன்று. இந்த வேறுபாட்டைக் கற்பிப்பதுதான் கல்வி.

மூன்றாவது உயிர்ப்பொருள். இதில் ஜொகூருக்குப் பெரும் வளம் உண்டு. தீபகற்பத்தில் செம்பனை மிகுதியாகப் பயிரிடப்படும் மாநிலங்களுள் ஜொகூர் ஒன்று. நூறு கிலோ செம்பனைக் குலையில் ஏறத்தாழ இருபது கிலோதான் எண்ணெயாகிறது. எஞ்சியவை பழம் உதிர்ந்த குலை, நார், ஓடு முதலியவை. நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்நீராவியால் ஆலை தனக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஆலையில் வேலை செய்த பெற்றோர்கள் இதை நேரில் கண்டிருப்பார்கள்.

ஆலையின் கழிவுநீர்க் குளங்களும் இவ்வாறே. அவற்றிலிருந்து குமிழிகளாக எழும் மீத்தேன் வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. அக்குளத்தை மூடி, வாயுவைப் பிடித்து எரித்தால் ஒரு நடுத்தர ஆலையிலிருந்து ஒன்று முதல் இரண்டு மெகாவாட் வரை மின்சாரம் பெறலாம். 2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கம் காணும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்கும் வசதியை அமைத்தாக வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது. பல ஆலைகள் மின்கம்பித் தொடர்களுக்கு வெகுதொலைவில் இருப்பது ஒரு தடை. எனினும், நம் பாட்டன் பாட்டிமார் வியர்வை சிந்திய தோட்டத்தின் கழிவே விளக்கெரிக்கும் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா? காட்டை அழித்துச் செம்பனை நட்டுவிட்டு அதன் கழிவைப் பசுமை என்று பெருமை பேசுவது முரண் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம்.

நான்காவது கதிரவன். நமக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது இதுவே. நம் நாட்டில் ஒரு கிலோவாட் திறனுடைய சூரிய ஒளித் தகடு (சோலார்) ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 அலகு மின்சாரம் தரும். மேகமும் மழையும் உண்டு. நவம்பர் முதல் பருவமழைக் காலத்தில் உற்பத்தி குறையும். இரவில் அறவே இல்லை. ஆனால், ஆண்டு முழுவதும் பகல்பொழுது ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பது நிலநடுக்கோட்டு நாட்டினருக்குக் கிடைத்த கொடை. தகடுகளின் விலையும் 2010 முதலான பத்தாண்டுகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது.

அண்டை அயலாரைப் பாருங்கள். இடநெருக்கடி மிகுந்த சிங்கப்பூர், நம் ஜொகூர் நீரிணைக்கு அப்பால் உள்ள தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 60 மெகாவாட் திறனுடைய மிதக்கும் தகடுகளை 2021இல் அமைத்தது. நிலமில்லாதவர்கள் நீரின்மேல் விரித்தார்கள். தமிழ்நாட்டின் வறண்ட இராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் எழுந்தது. மழை பொய்த்த மண்ணிலும் வெயில் பொய்க்கவில்லை. கேரளத்தின் கொச்சி விமான நிலையம் 2015 முதல் தன் தேவைக்குரிய மின்சாரத்தைக் கதிரவனிடமிருந்தே பெறுகிறது.

தரவு மையங்களும் நம் பிள்ளைகளும்

ஜொகூரில் இப்போது பேசப்படும் பெரிய செய்தி தரவு மையங்கள். கூலாய், செடேனாக், இஸ்கண்டார் புத்ரி வட்டாரங்களில் அவை ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. தோட்டங்கள் இருந்த நிலங்களில் சன்னலில்லாத பெருங்கட்டடங்கள் நிற்கின்றன. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் இவ்வளர்ச்சிக்கு மேலும் ஊக்கம் தந்தது.

ஒரு சிறு கணக்கு. 100 மெகாவாட் மின்சாரத்தை இரவும் பகலும் நுகரும் ஒரு தரவு மையத்துக்கு ஒரு நாளைக்கு 24 இலட்சம் அலகு வேண்டும். மாதம் 400 அலகு பயன்படுத்தும் குடும்பங்கள் என்று கொண்டால், ஏறத்தாழ 1,80,000 குடும்பங்களின் தேவை அது. அதே 100 மெகாவாட் திறனுக்குச் சூரிய ஒளித் தகடுகளை விரித்தாலோ, ஒரு நாளைக்குச் சராசரியாகக் கிடைப்பது மூன்றேகால் இலட்சம் அலகுதான். ஏழில் ஒரு பங்கு! ஆகவே, 'பசுமைத் தரவு மையம்' என்ற விளம்பரப் பலகையைக் காணும்போது, இரவில் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தெரிந்த குடிமக்களாக நம் பிள்ளைகள் வளர வேண்டும். தரவு மையங்கள் வேண்டா என்று நான் சொல்லவில்லை. அவை வேலைவாய்ப்பைத் தருகின்றன. கேள்வி கேட்காமல் வரவேற்க வேண்டா என்பதே என் கருத்து.

வேலைவாய்ப்பு என்றேன். இதைப் பெற்றோர்கள் கூர்ந்து படிக்க வேண்டுகிறேன். 2023இல் அரசாங்கம் வெளியிட்ட தேசிய ஆற்றல் மாற்றத் திட்டவரைவு, 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கக்கூடிய மூலங்களிலிருந்து வர வேண்டும் என இலக்கு வகுத்தது. இன்று முதலாம் ஆண்டில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்போது முப்பது வயதைக் கடந்திருக்கும். தகடு பொருத்துவோர், உரிமம் பெற்ற வயர்மேன், மின்பொறியாளர், குளிரூட்டித் தொழில்நுட்பர் எனப் பல்லாயிரம் பேர் வேண்டியிருக்கும். எரிசக்தி ஆணையம் வழங்கும் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒரு வயர்மேன் எந்த ஊரிலும் தலைநிமிர்ந்து வாழலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, மாற்றுத் தொழில் கைவசம் இல்லாமல் நகரோரங்களுக்குத் துரத்தப்பட்ட சமுதாயம் நாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனை போய்க் கட்டடங்கள் வந்தபோதும் நாம் ஆயத்தமாக இல்லை. இந்த மூன்றாம் மாற்றத்துக்காவது முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டாமா?

ஒரு சிறிய பள்ளியின் கணக்கு

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். நம் நாட்டின் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல குறைந்த மாணவர்களைக் கொண்டவை. அவ்வாறான ஆறு வகுப்பறைகள் கொண்ட ஒரு சிறு பள்ளியை எடுத்துக்கொள்வோம்.

1. ஒரு வகுப்பறையில் 75 வாட் மின்விசிறிகள் நான்கு. 18 வாட் விளக்குகள் ஆறு. கூட்டினால் ஏறத்தாழ 400 வாட்.

2. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் இயங்கினால் 2.4 அலகு. ஆறு வகுப்பறைகளுக்கு 14.4 அலகு.

3. ஆண்டுக்கு ஏறத்தாழ 190 பள்ளி நாள்கள் எனக் கொண்டால், வகுப்பறைத் தேவை சுமார் 2,700 அலகு.

4. ஐந்து கிலோவாட் தகடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 அலகு தரும். இதற்குத் தேவையான இடம் சுமார் முப்பது சதுர மீட்டர். அதாவது, ஒரு வகுப்பறைக் கூரையில் பாதி!

ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வகுப்பறைத் தேவையைப்போல் இரு மடங்கு. அலுவலகத்துக்கும் கணினி அறைக்கும் கூட அதில் ஒரு பங்கு எஞ்சும்.

ஆனால், நேரக் கணக்கு வேறு. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால், ஜொகூரில் கதிரவன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணியளவில்தான். காலைப் பள்ளி முடியும் வேளையில் அன்றைய மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதிதான் உற்பத்தியாகியிருக்கும். மீதிப் பாதி, பிள்ளைகள் வீடு திரும்பிய பின் உற்பத்தியாகும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் முழுவதும் மிஞ்சும். எனவே, மிஞ்சும் மின்சாரத்தை மின்கம்பித் தொடருக்கு அனுப்பி ஈடு பெறும் ஏற்பாடு இன்றியமையாதது. 2016இல் தொடங்கிய 'நெம்' எனப்படும் நிகர அளவீட்டுத் திட்டம் அதற்காகத்தான் வந்தது. அதன் மூன்றாம் கட்டம் 2025 ஜூன் இறுதியில் முடிவுற, 'சோலார் அதாப்' என்ற அடுத்த திட்டம் அறிவிக்கப்பட்டது. மிஞ்சும் மின்சாரத்துக்கு எவ்விலையில் ஈடு கிடைக்கும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். ஆகையால், தகடு விற்பவர் சொல்லை மட்டும் நம்பிவிடாமல் 'செடா' எனப்படும் நீடித்த ஆற்றல் மேம்பாட்டு ஆணையத்திடமே கேட்டறிவது அறிவுடைமை.

எழக்கூடிய மறுப்புகள்

"தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கையே குறைந்துகொண்டு வருகிறது. இந்நிலையில் கூரையில் தகடு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. தகடு பொருத்திவிட்டால் மறுநாளே மாணவர்கள் வந்து குவிந்துவிட மாட்டார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால், பெற்றோர்கள் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்கிறார்கள்? அங்கே ஏதேனும் புதியது நடக்கிறதா, பிள்ளை ஏதேனும் உண்மையாகக் கற்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். தன் விளக்கைத் தானே எரிக்கும் பள்ளி, அதன் கணக்கைத் தன் மாணவர்களே எழுதும் பள்ளி என்று பெயர் எடுப்பது சிறிய செய்தியன்று.

"பள்ளியின் மின்கட்டணத்தை அரசாங்கம் அல்லவா செலுத்துகிறது? நமக்கென்ன இலாபம்?" என்று வேறு சிலர் கேட்கலாம். முழு உதவிபெறும் பள்ளி, பகுதி உதவிபெறும் பள்ளி என்ற வேறுபாடு இங்கே குறுக்கிடும். பகுதி உதவிபெறும் பள்ளிகள் பல தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்பவை. யார் நிலம், யார் கட்டடம், யார் பெயரில் மின்கணக்கு என்பவற்றைத் தெளிந்த பின்னரே அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும். அரசாங்கம் செலுத்தும் கட்டணமும் நம் வரிப்பணமே என்பதையும் மறந்துவிடக்கூடாது.

"பழைய கூரை தாங்குமா?" என்பது மூன்றாம் கேள்வி. இது மிக முக்கியமானது. மிகப் பழைய கட்டடங்களில் கல்நார்த் தகட்டுக் கூரை இருக்கக்கூடும். அதில் துளையிடுவது பிள்ளைகளின் நுரையீரலுக்குக் கேடு. பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கூரையிலும் எவரையும் ஏறவிடாதீர்கள். மலிவாகச் செய்து தருகிறேன் என்று வருபவரிடம் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். குறைந்தது மூவரிடம் விலை கேளுங்கள். ஐந்தாண்டுக்குப் பின் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் பெறுங்கள். நன்கொடைப் பணத்தில் பெரிய விழா எடுத்துத் தகடு திறந்து, இரண்டாண்டில் பழுதாகி, பின் எவரும் திரும்பிப் பார்க்காத நிலை வந்துவிட்டால், அது செய்யாமல் இருப்பதைவிடக் கேடு.

வகுப்பறையில் இன்றே தொடங்கலாம்

கூரைத் தகடு வர ஈராண்டு ஆகலாம், வராமலும் போகலாம். அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பணம் மிகுதியாகச் செலவழிக்காமல் செய்யக்கூடிய நான்கு செயல்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: வீட்டு மின்மானியை ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் படித்துக் குறித்துவரச் செய்யுங்கள். கழித்தல், சராசரி, பட்டைக் குறிவரைவு ஆகிய கணிதத் திறன்கள் அத்தனையும் இதில் அடங்கும்.

இரண்டு: கையடக்கமான ஒரு சிறு சூரிய ஒளித் தகட்டையும் ஒரு மின்னளவுமானியையும் வாங்குங்கள். காலை எட்டு, பத்து, பகல் பன்னிரண்டு, ஒரு மணி என அளந்து எழுதச் சொல்லுங்கள். மேகம் மறைக்கும்போது எண் இறங்குவதைக் கண்ணால் கண்ட பிள்ளை, அதை வாழ்நாளில் மறக்காது.

மூன்று: தாத்தா பாட்டியிடம் தோட்டத்து ஜெனரேட்டர் காலத்தைக் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரப் பணியுங்கள். அறிவியலும் கட்டுரைப் பயிற்சியும் குடும்ப வரலாறும் ஒருங்கே அமையும்.

நான்கு: பொங்கல் விழா. கதிரவனுக்கு நன்றி சொல்லும் விழாவை நம் பள்ளிகள் ஆண்டுதோறும் சிறப்பாகக் கொண்டாடுகின்றன. கரும்பும் தோரணமும் கோலப் போட்டியும் இருக்கட்டும். அதே நாளில் கதிரவனால் சுழலும் ஒரு சிறு மின்விசிறியையும் மாணவர்கள் செய்து காட்டட்டும். நன்றி சொல்லும்போது எதற்காக நன்றி சொல்கிறோம் என்பது விளங்க வேண்டும் அல்லவா?

இவை அனைத்தையும் நல்ல தமிழில் செய்ய வேண்டும் என்பது என் பேரவா. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கிய காலத்தை நாம் மறக்கவில்லை. அதை மீட்டுக்கொள்ளும் முடிவு 2009 ஜூலையில் அறிவிக்கப்படும் வரை நம் ஆசிரியர்களும் இயக்கங்களும் எவ்வளவோ குரல் கொடுத்தனர். அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் உரிமை நமக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த உரிமையைக் கொண்டு நாம் என்ன செய்தோம்? நான்கு சொற்களை மனனம் செய்வித்துத் தேர்வில் எழுதச் செய்ததோடு நின்றுவிட்டோமா? மின்னழுத்தம், மின்னோட்டம், மின்கலம், மின்மாற்றி என அழகிய சொற்கள் நம்மிடம் உள்ளன. சொல் இருந்து, அதைச் சொல்லிச் செய்யும் செயல் இல்லையென்றால், "தமிழில் அறிவியல் முடியாது" என்போரின் கூற்றை நாமே மெய்ப்பித்தவர்கள் ஆவோம்.

நிறைவாக

பள்ளி மேலாளர் வாரியத்தினரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரிடமும் என் வேண்டுகோள் எளிமையானது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பள்ளியின் கடந்த ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளை மேசைமேல் வையுங்கள். கூரையின் வயதைக் கேளுங்கள். நிலம் யாருடையது என்பதை உறுதிப்படுத்துங்கள். இந்த மூன்று தகவல்களும் கையில் இருந்தால், செய்யலாமா வேண்டாமா என்பது தானே விளங்கிவிடும். 'வேண்டாம்' என்ற முடிவு வந்தாலும் தவறில்லை. கணக்குப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

மறுவாரம் அந்த மாணவிக்குத் தஞ்சோங் பின் பற்றியும், கப்பலில் வரும் நிலக்கரி பற்றியும் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம் பள்ளிக் கூரையில் இவ்வளவு வெயில் அடிக்கிறதே ஐயா, அதை ஏன் நாம் பயன்படுத்தவில்லை?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. அந்த விடையைப் பெரியவர்களாகிய நாம் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்